மூன்று கொம்பு இளவரசன்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேகங்கள் வந்து படுத்துக்கொள்ளும் மலைநாடு ஒன்றில் பொழிலன் என்றொரு இளவரசன் இருந்தான். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்!" என்பான். ராஜா "போருக்குப் போகலாமா?" என்றால் ஆகட்டும். ராணி "போரே வேண்டாம்" என்றால் அதற்கும் ஆகட்டும்.

ஒருநாள் கும்பகண்டன் என்ற மந்திரவாதி அவனிடம் தொண்டை கிழியப் பாடிக்காட்டி, "சபையில் பாடலாமா?" என்று கேட்டான்.

"ஆகட்டும்!"

பாடினான். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஆளுக்கொரு நிறம் காட்டுகிறவனே, மூன்று கொம்புப் பச்சோந்தியாகவே போ!" என்று சபித்தான் கும்பகண்டன். "மூன்று முறை மனசார 'முடியாது' சொன்னால்தான் உன் மூன்று கொம்பும் ஒவ்வொன்றாக விழுந்து மறுபடி மனிதனாவாய்!"

அந்த மலைக்காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத கொம்புப் பச்சோந்தியாகி, கிளையில் தொங்கினான் பொழிலன். தேனெடுக்க வந்த தும்பை என்ற பெண் அவன் கதையைக் கேட்டாள்.

"இவ்வளவுதானா? முடியாதுன்னு சொல்லுங்க."

"ஆகட்டும்!"

"அது இல்லீங்க. முடியாது!"

"ஆகட்டும், ஆகட்டும்!"

தும்பை தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பாம்பு வந்தது. "கண்ணு, சாப்பாட்டுக்கு வர்றியா?"

"ஆக..." சாப்பாடே தான்தான் என்று புரிந்தது. "முடியாது!" பொத்! விழுந்தது ஒரு கொம்பு.

அடுத்து ஒரு பெண் பச்சோந்தி வந்தது. "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனமில்லை. "முடியாது, அம்மணி." பொத்! இரண்டாவது கொம்பும் விழுந்தது. பெண் பச்சோந்தி சிவந்து, கறுத்து, நகர்ந்துபோனது.

மூன்றாவதாக, கோடாலிக்காரர்களோடு கும்பகண்டனே வந்தான். "காட்டை வெட்டிப் பாட்டு மண்டபம் கட்டப்போகிறேன். ஆகட்டும் என்று சொல், இப்போதே மனிதனாக்குகிறேன். மறுத்தால் பாறையாக்கிவிடுவேன்!"

பொழிலனின் ஒரு கண் தும்பையைப் பார்த்தது. மறு கண் கிளையைக் கட்டிக்கொண்டு நடுங்கிய பச்சோந்திக் குஞ்சுகளைப் பார்த்தது.

"முடியாது! காடு போனால் இவர்கள் எங்கே போவார்கள்? அதோடு, உங்கள் பாட்டைக் கேட்கச் சகிக்கவில்லை!"

பொத்! மனிதனானான். குச்சிக்கிளை தாங்குமா? மடார்! நேராக மந்திரவாதியின் மேல் விழுந்தான். மந்திரக்கோல் இரண்டாக முறிந்தது.

கும்பகண்டன் தேம்பினான். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் சபைக்குப் போகிறேன்?"

"தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடுங்கள்" என்று அவனைத் தூக்கிவிட்டான் பொழிலன்.

மந்திரவாதிக்குத் தினைக்காட்டில் பாடும் வேலை கிடைத்தது. பிறகு ஒரு காட்டுப்பன்றிகூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. காடு முழுவதையும் தும்பையின் பொறுப்பில் விட்டார் ராஜா. அவள் கோடாலிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தேன் கொடுத்து அனுப்பினாள். மலையில் எல்லோரும் சுகம். கதை கேட்ட நீங்களும் சுகமாயிருங்கள்!