அஞ்சலை கடைந்த கண்ணாடி

நட்சத்திரங்கள் வீசும் எக்ஸ் கதிர்களைப் பார்க்காமல் பல் துலக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார் மகுடவல்லப ராஜா. ராஜா பல் துலக்காவிட்டால் நாற்றம் சபைக்குத்தானே! அந்தக் கதிர்களைப் பிடித்துக் காட்ட, கடைசல் பட்டறை அஞ்சலை ஓர் உலோகக் குழாயின் உட்சுவரை வைர முனையால் சீவிச் சீவி, தூசிகூட வழுக்கி விழும் கண்ணாடியாக்கிக் கொண்டுவந்தாள்.

அந்த வேலையைத் தன் மச்சானுக்குப் பிடித்துத்தர நினைத்து ஏமாந்தவர் மந்திரி திருவாசி. எக்ஸ் கதிர் வீசும் விளக்கொன்றைக் குழாய்க்குள் நுழைத்து, சுவரில் நேராக அடித்தார். குழாயின் மறுமுனையில், கதிர் பட்டால் மின்னவேண்டிய தட்டு இருண்டே கிடந்தது.

"பித்தலாட்டம், அரசே! இது வெறும் குழாய்!"

"அப்படியா? வெட்டு அவள் கட்டைவிரலை!"

விரல் போனால் கடைசல்காரிக்கு மிஞ்சுவது என்ன? ராஜாவைச் சிரிக்கவைக்கும் உத்தியோகம் பார்த்த வீரமுட்டி குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். மந்திரியின் தவறு அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கோணம், சாய்வு என்று ஆரம்பித்தால் இந்த ராஜா கொட்டாவி விடுவார். அதற்குள் விரல் போய்விடும்.

"அரசே, நானும் ஒரு சோதனை செய்கிறேன். அது இருக்கட்டும், புதுத் தலைப்பாகையா?"

"ஆமாம்! எப்படி?"

"பூசணிக்காய்க்குத் துணி சுற்றியதுபோல் இருக்கிறது."

"பிடி அவனை! தள்ளு சிறையில்!"

அந்தச் சிறையில் இடம் கிடைப்பதே கஷ்டம். நேராகப் பேசியவர்களால் எப்போதும் நிறைந்திருக்கும். காவலர்கள் வீரமுட்டியைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். திருவாசி நெளிந்துகொண்டே வந்தார்.

"அவன் கிடக்கிறான், பிரபு! இந்த அழகைப் பார்த்து வெட்கப்பட்டுச் சந்திரன் லீவு போட்டுவிட்டான்!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"சோதனை முடிந்தது!" என்று காவலர் தோளில் தொங்கியபடியே கத்தினான் வீரமுட்டி.

"என்னடா சோதனை?"

"நான் நேராக வந்தேன், விழுங்கப் பார்த்தீர்கள். மந்திரி உரசிக்கொண்டு வந்தார், முத்துமாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். இந்தக் கண்ணாடியும் உங்களைப் போலத்தான், அரசே! நேரே குத்தும் கதிரை விழுங்கிவிடும். சுவரை உரசி வருவதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கும். அஞ்சலை, விளக்கைத் தள்ளி வை!"

அஞ்சலை விளக்கைத் தூரத்தில், குழாயின் வாய்க்கு எதிரே வைத்தாள். கதிர்கள் சுவரை உரசிப் பாய்ந்தன. தட்டில் பளிச்சென்று ஒரே ஒரு புள்ளி!

ராஜாவின் தொப்பை முதலில் குலுங்கியது. பிறகு சிம்மாசனம் குலுங்கியது. முத்துமாலை மந்திரி கழுத்திலிருந்து அஞ்சலை கழுத்துக்கு வந்தது.

"அடேய், அப்படியானால் என்னிடம் உண்மையை எப்படித்தான் சொல்வது?"

"கொஞ்சம் சாய்த்துத்தான், அரசே. அதற்குத்தானே எனக்குச் சம்பளம்!"