இந்துப்புத் தண்ணீர்

ஜமீன்தாருக்குக் கால் வீங்கியது. அரண்மனை வைத்தியர் வல்லபநாதர் இந்துப்பு வைத்தியம் சொன்னார். தினமும் வெந்நீரில் ஒரு கை இந்துப்பைக் கரைத்து, கால் வைக்கக் கொடுப்பது பணிப்பெண் மருதாயியின் வேலை. பத்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை. சபை நடுவே பாத்திரத்தில் கால் வைத்தபடி ஜமீன்தார் வைத்தியரை முறைத்தார்.

"இவள் உப்பைத் திருடிக்கொண்டு வெறும் வெந்நீரை வைக்கிறாள், எஜமான்! இல்லையென்றால் போட்ட உப்பை எடுத்துக் காட்டட்டும்!" என்று வைத்தியர் பழியைத் திருப்பிவிட்டார்.

கரைந்த உப்பை எப்படி எடுப்பது? திருடி என்று பெயர் விழுந்தால் சவுக்கடி. அப்புறம் ஊரில் ஒருவரும் வாசலில் சேர்க்கமாட்டார்கள். மருதாயி குனிந்து, ஜமீன்தார் கால் வைத்திருந்த பாத்திரத்திலிருந்து ஒரு குவளை மொண்டாள்.

"வைத்தியரய்யா சொல்றபடி இது வெறும் தண்ணிதான், எசமான். அதுவும் உங்க பாதம் பட்ட தண்ணி. அய்யாவே ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்."

வைத்தியர் பின்வாங்கினார்.

"என் பாதம் பட்டது உமக்கு அருவருப்பா?" என்றார் ஜமீன்தார்.

வேறு வழியில்லாமல் குடித்தவரின் முகம் அஷ்டகோணலானது. சபையே பார்க்க, "தூ!" என்று துப்பினார்.

"என்ன வைத்தியரே?"

"உப்பு... உப்புக் கரிக்கிறது, எஜமான்."

"அப்படியானால் உப்பு இருக்கிறது. வைத்தியம்தான் இல்லை" என்றார் ஜமீன்தார்.