பூரணியின் கடைசிப் படிகம்

பேராசிரியர் மரகதவல்லியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிகத்தை வளர்த்தவர் யாரோ, அவர்தான் அதை உடைக்க வேண்டும்.

உடைக்காமல் எதையும் பார்க்க முடியாது. மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும், இரும்பு கலந்த மீக்கடத்திப் படிகத்தின் மேல் ஒரு சின்னக் குச்சியை ஒட்டி, காற்றில்லாத கலத்துக்குள் வைத்து, குச்சியைத் தட்டிவிடுவார்கள். படிகம் ஏடாகப் பிளக்கும். அந்தப் புதுமுகத்தில் ஒளியைப் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் வெளியே வரும். உள்ளே அவை எப்படி ஜோடி சேர்ந்திருந்தன என்பதை அவற்றை வைத்துக் கண்டுகொள்ளலாம். ஒரு நாள் தாங்கும், அப்புறம் அந்த முகம் கெட்டுவிடும்.

ஆராய்ச்சி மாணவி பூரணி வளர்த்ததில் ஒன்றுதான் மிச்சம். அவள் டெங்குவில் போய் மூன்று மாதம் ஆகிறது.

காந்தம் எலெக்ட்ரான் ஜோடியைப் பிரித்துவிடும் என்பது பழைய பாடம். இந்தக் கலவையில் அதுவே சேர்த்து வைக்கிறது என்று பூரணி அடித்துச் சொன்னாள். இல்லவே இல்லை என்பார் இசக்கியப்பன். கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர், குருவைவிட எட்டு வயது மூத்த சீடர். பூரணியோடு மல்லுக்கட்டாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது அவள் படிகத்தை உடைக்கச் சொன்னால், ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அந்த ஒளி பாய்ச்சும் கருவியைப் பழுதுபார்க்கக் கழற்றுகிறார்கள். திரும்ப ஓட எட்டு மாதமாகும்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் நேரம் சரியில்லையா?” என்றார் மரகதவல்லி.

“வளர்த்தவங்கதான் உடைக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லுதேன், நீங்க உடைங்க.”

இசக்கியப்பன் படிகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் சொன்னது சரின்னு வந்துட்டா?”

இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவகிட்ட ஜெயிச்சு நான் என்ன மேடம் பண்ணப் போறேன்? அந்தப் படிகம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

மரகதவல்லி எழுந்து போய்த் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மூடியைச் சுற்றி மெழுகு. உள்ளே கறுப்பாகக் கொஞ்சம் பொடி.

“என்ன மேடம் இது?”

“எங்க சார் கடைசியா வளர்த்த படிகம். எங்க ரெண்டு பேருக்கும் இதை வச்சுத்தான் சண்டை. அவரு போனப்புறம் எனக்கு உடைக்க மனசு வரல. பத்திரமா மூடி வச்சேன். அதுவா உதிர்ந்து போச்சு.”

இசக்கியப்பன் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு சொன்னது மேடம் சரி? அவரா, நீங்களா?”

“தெரியாது அண்ணாச்சி. பதினோரு வருஷமா நான் மட்டும்தான் பேசிட்டிருக்கேன். இதை உடைக்காம வச்சு அவரைப் பேச விடல.”