தோளில் துண்டில்லாத ஊர்

கனகவரத்தை ஆண்ட குமாரபூபதி நல்ல ராஜாதான். வரி குறைவு, சண்டை சச்சரவு கிடையாது. மேலாடை விஷயத்தில் மட்டும் மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு.

அந்த ஊரில் தோளில் துணி இல்லாமல் ஆண்பிள்ளை யாரும் தெருவில் இறங்கமாட்டான். பாட்டுக்காரர் அகல விரித்து மார்பைச் சுற்றிப் போர்த்துவார். மணியக்காரர் நாலாக மடித்து இடது தோளில் போடுவார். மடிப்புக் கலைந்துவிடுமே என்று அன்று முழுக்கக் கழுத்தைத் திருப்பமாட்டார். சுமை தூக்குகிறவன் அதையே சுருட்டித் தலைக்குச் சும்மாடு ஆக்குவான். ஆனால் ராஜாவின் பல்லக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான். துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். வேறு யாருக்கும் செய்யாத மரியாதை அது.

ஒரு நாள் வடக்கத்தி வியாபாரி ஒருவன் ராஜாவுக்கு ஜரிகைச் சால்வை கொண்டுவந்தான். ராஜா அதை விசிறி மடிப்பாக மடித்துக் கழுத்தில் மாலைபோலப் போட்டார். இரண்டு நுனியையும் முழங்கால் வரை தொங்கவிட்டார். கண்ணாடி முன்னால் அரை நாள் நின்றார். உலகத்திலேயே யாரும் இப்படிப் போட்டதில்லை என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

எட்டாம் நாள் பல்லக்கில் ஏறாமல், யாருக்கும் தெரியாமல் உப்பு மண்டிப் பக்கம் போனார். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அழுக்குத் துண்டை அதே விசிறி மடிப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். ராஜாவின் முகம் சுண்டிவிட்டது.

பிரதானி கோனேரி இதற்காகத்தான் காத்திருந்தார். பிறரை அடக்கி வைப்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"இடம் கொடுத்தால் இப்படித்தான் மகாராஜா. இனித் தங்களைத் தவிர ஊரில் எவன் தோளிலும் துணி ஏறக்கூடாது என்று உத்தரவு போடுங்கள்."

போட்டார். தமுக்கடிக்கிற வீரபத்திரன் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

சொல்லி முடித்த அன்றைக்கே அகப்பட்டான் உப்பு மண்டி இருளப்பன். பாவம், தமுக்கடித்தபோது அவன் ஊரிலேயே இல்லை. மகள் கல்யாண விஷயமாக அயலூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தான். சம்பந்தி ஆசையாகச் சிவப்புக்கரைத் துண்டு ஒன்றைப் போர்த்தி அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் நுழைந்தான், காவலர் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் நாற்சந்தியில் இருபது சவுக்கடி என்று தீர்ப்பு. நாலாம் நாள் மகளுக்குக் கல்யாணம்.

அவன் பெண்சாதி வள்ளி, சபையில் ஓலை வாசிக்கும் திருமேனியின் வீட்டுக்கு ஓடினாள். திருமேனி பேசினால் ராஜா கேட்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

"இருபது அடி வாங்கினா எந்திரிக்கவே மாட்டாரு சாமி. புள்ளையை யாரு தாரை வாத்துக் குடுப்பா?"

திருமேனிக்கு மனசு தாங்கவில்லை. "நீ போய்க் கல்யாண வேலையைப் பார் தாயி" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு நடந்தார்.

அவரைக் கண்டதும் கோனேரி சிரித்தார். "மன்னிப்புக் கேட்க வந்தீரோ?"

"மன்னிப்பா? சிவ சிவா. ராஜ உத்தரவு என்ன விளையாட்டா?" என்றார் திருமேனி. பிறகு ராஜாவைப் பார்த்து, "ஒரே ஒரு விண்ணப்பம் மகாராஜா. குற்றம் செய்த துண்டு நாளைக்கு அவன் தோளிலேயே இருக்கட்டும். நாலு பேர் பார்த்தால்தான் பயம் வரும். தாங்களும் பல்லக்கில் ஊரைச் சுற்றி வந்து, உத்தரவு நடக்கும் அழகைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்" என்றார்.

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. கோனேரிக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பல்லக்கு புறப்பட்டது. சால்வை தொங்க ராஜா உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் பல்லக்கு திரும்பியதும் தெரு நெடுகத் துண்டுகள் சரசரவென்று இறங்கும். மேளச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் அவருக்கு இஷ்டம். இன்றைக்குச் சத்தமே இல்லை.

ஜனங்களுக்கும் சங்கடம்தான். பழக்கத்தில் கை தோளுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தைச் சொறிந்துவிட்டுக் கையைக் கீழே போடுவார்கள். இரண்டு தெரு தாண்டியதும் ராஜா கவலையாகக் கேட்டார்.

"என்ன கோனேரி, ஊர் முழுக்கச் சிரங்கா?"

ராஜாவுக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

நாற்சந்தியில் காவலர் நடுவே இருளப்பன் நின்றிருந்தான். பல்லக்கைக் கண்டதும் சட்டென்று சிவப்புக்கரைத் துண்டை இறக்கினான். இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

"நிறுத்து" என்றார் ராஜா. "இத்தனை தெருவில் இவன் ஒருவன்தானே எனக்கு மரியாதை செய்தான். யார் இவன்?"

"இவன்தான் குற்றவாளி மகாராஜா. இருபது அடி" என்றார் பல்லக்கோடு கூடவே வந்த திருமேனி, பணிவாக.

கோனேரி முந்திக்கொண்டார். "மற்றவர்கள் கும்பிடலாமே? திமிர் பிடித்தவர்கள்."

"கும்பிட்டால் மட்டும் ஆயிற்றா பிரதானி? சம்பந்தி வந்தாலும் கும்பிடுவார்கள், வைத்தியர் வந்தாலும் கும்பிடுவார்கள். துண்டை இறக்குவது ராஜாவுக்கு மட்டும். தோளில் இருந்தால்தானே இறக்குவார்கள்?" என்றார் திருமேனி.

"அப்படியானால் என் மரியாதை எங்கே போயிற்று?" என்றார் ராஜா.

"எங்கும் போகவில்லை மகாராஜா. ஊரார் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். தாங்கள் வருவதற்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். வீரபத்திரன் தமுக்கோடு வந்து நின்றான். அவனைக் கண்டதும் ஊரே துண்டை இறக்கிவிட்டது."

ராஜா திருமேனியைப் பார்த்தார். தமுக்கோடு ஓரமாக நின்ற வீரபத்திரனைப் பார்த்தார். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பல்லக்கே ஆடும்படி ராஜா சிரிக்க ஆரம்பித்தார்.

சிரித்து ஓய்ந்து பல்லக்கை விட்டு இறங்கினார். இருளப்பன் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்க்கச் சொல்லி வாங்கி, தம் கையாலேயே அவன் தோளில் விசிறி மடிப்பாகப் போட்டுவிட்டார். "இப்படியே போய் மகளைத் தாரை வார்த்துக் கொடு" என்றார். திருமேனிக்கு ஒரு பொன் மோதிரம் கிடைத்தது.

"உத்தரவை ரத்து செய்ய மறுபடியும் தமுக்கடிக்க வேண்டுமே" என்று முனகினார் கோனேரி.

"அடிக்கட்டும்" என்றார் ராஜா. "ஆனால் அதற்கு முன்னால் அந்த வீரபத்திரன் தோளில் ஒரு துண்டைப் போடுங்கள். முதலில் அவன் எனக்கு இறக்கட்டும்."