பாவாயி தன் நத்தைப் பிள்ளையைத் தேடின கதை

ஒரு மலையில ஒரு ஊர். அந்த ஊருக்கு வண்டிப் பாதை கிடையாது, ஒத்தையடிப் பாதையும் பாதி நாள் கிடையாது. மழைக்கு மட்டும்தான் அங்க போக எப்பவும் வழி தெரியும். அந்த ஊர்ல பாவாயி, பாவாயின்னு ஒருத்தி இருந்தா. ம் கொட்டு கண்ணு, அப்பத்தான் கதை நகரும்.

— ம்.

பாவாயியோட புருஷன் தேனெடுக்கப் போறவன். போனா மாசக்கணக்கா வரமாட்டான். வீட்டுல பேச்சுத் துணைக்கு ஒரு பிள்ளை இல்ல. அப்போ அவ முற்றத்துல நின்னு, "மழையே, எனக்கு ஒரு பிள்ளை குடு. எப்படி இருந்தாலும் சரி, நான் கோவிச்சுக்க மாட்டேன்"னு கேட்டா. மழை சடசடன்னு பெஞ்சுது. அப்புறம் வெயில் வந்ததும் பார்த்தா, மக்கின சருகுக்கு அடியில ஜவ்வரிசி மாதிரி ஒரே ஒரு முட்டை. பளபளன்னு இருக்கு. அதைக் கொட்டாங்கச்சியில பாசி பரப்பி வச்சா. கொஞ்ச நாள்ல "பொத்"துன்னு ஓடு உடைஞ்சு, முதுகுல கண்ணாடி மாதிரி ஒரு குட்டி வீட்டோட, கொம்பை நீட்டிக்கிட்டு ஒரு நத்தைக் குஞ்சு வெளிய வந்துச்சு.

பாவாயி அதுக்குச் சுருளின்னு பேரு வச்சா. மடியில வச்சுக்கிட்டுத் தாலாட்டுப் பாடினா. அக்கம்பக்கத்துக்காரங்க சும்மா இருப்பாங்களா?

"ஏண்டி பாவாயி, உன் மகன் நடக்க ஆரம்பிச்சுட்டானா? இந்த வருஷம் வாசல் வரைக்கும் வந்துடுவானா?"

"வருவான்டி வருவான். அவன் வீட்டையே தூக்கிட்டு வரான், அதான் நேரமாகுது. உன் மகன் தின்ன தட்டைக்கூடத் தூக்க மாட்டேங்கறானே!"

— ஹி ஹி.

சிரிச்சது போதும், கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. அப்போ கீழே சமவெளியில ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு ஒரு வெள்ளை மாளிகை கட்டணும்னு ஆசை. சாதா வெள்ளை இல்ல, பார்த்தா கண்ணு கூசற வெள்ளை. "நத்தை ஓட்டைச் சுட்டா அந்த மாதிரிச் சுண்ணாம்பு கிடைக்கும்"னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. "அப்போ மலையில இருக்கற நத்தையை எல்லாம் வாரிக்கிட்டு வாங்க"ன்னு ராஜா சொல்லிட்டான். சேவகனுங்க சாக்கும் கையுமா ஏறினாங்க. சரக் சரக்னு சருகைக் கிளறினாங்க, மரத்தை உலுக்கினாங்க, பாறையைப் புரட்டினாங்க.

பாவாயி ஓடையில தண்ணி மொண்டுக்கிட்டு வந்தா. கொல்லையில பூசணிக் கொடியில சுருளியை விட்டுட்டுப் போயிருந்தா. வந்து பார்த்தா, இலையில பாதி வரைக்கும் வெள்ளிக் கோடு. அதுக்கு மேல கோடு இல்ல. சுருளியும் இல்ல.

— எங்க போச்சு?

சாக்குக்குள்ள போயிட்டான். பாவாயி குடத்தை அப்படியே போட்டுட்டு, சேவகனுங்க கால் தடத்தைப் பிடிச்சுக் குடுகுடுன்னு மலையை இறங்கி ஓடினா. மலை அடிவாரத்துல சுண்ணாம்புச் சூளை. அங்க சென்னியப்பன்னு சூளைக்காரர், அடுக்கடுக்காக் கரி போட்டுக்கிட்டு இருக்கார். பக்கத்துல சாக்கு சாக்கா நத்தை.

"அண்ணே, அண்ணே! என் பிள்ளையைச் சாக்குல போட்டுக் கொண்டாந்துட்டாங்க!"

"பிள்ளையவா? ஐயையோ! எத்தனை வயசு தாயி?"

"ரெண்டு மழைக்காலம். கோலிக்குண்டு உயரம். முதுகுல வீடு."

சென்னியப்பன் கரிக்கூடையைக் கீழே வச்சார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நத்தையைச் சொல்றியா? நத்தைன்னா நத்தை. இதுல உன் நத்தை என்ன, என் நத்தை என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

"எல்லாம் ஒண்ணுன்னா உங்க பிள்ளையை விட்டுட்டு ஊரான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போவீங்களா அண்ணே?"

அவருக்குச் சுருக்குன்னுச்சு. "சரி. பொழுது சாயறப்போ நெருப்பு வைக்கணும், ராஜா உத்தரவு. அதுக்குள்ள உன் பிள்ளையை எடுத்துக்கோ. மூணு தடவை எடுக்கலாம். மூணாவதும் தப்புன்னா, எல்லாம் சூளைக்குப் போயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

இந்த இடத்துல, மலைக்கு அந்தப் பக்கத்துக்காரங்க மழையே ஒரு கிழவியா வந்து பிள்ளையைக் காட்டிக் குடுத்ததாச் சொல்வாங்க. நம்ம பக்கம் அப்படிச் சொல்றது இல்ல. நம்ம பக்கம் பாவாயியே தேடினா.

— ம்.

சாக்கை அவிழ்த்துக் கொட்டினாங்க. கலகலகலன்னு கொட்டுச்சு. பாவாயி கொஞ்சம் தண்ணி தெளிச்சா. அப்போ ஒண்ணொண்ணாக் கொம்பு நீட்டுச்சு பாரு, அவளுக்கு அழுகையே நின்னு போச்சு. தட்டு மாதிரித் தட்டையா ஒண்ணு. கோபுரம் மாதிரி அடுக்கடுக்கா உசந்து ஒண்ணு. அரிசி மாதிரி ஒண்ணு, கடுகு மாதிரி ஒண்ணு. கடுகுக்குள்ளயும் வாசல் இருக்கு, சுத்து இருக்கு, கொம்பு முளைச்ச ஒரு ஆளும் இருக்கான்! ஓட்டு மேல மயிர் முளைச்சது ஒண்ணு. மரத்து உச்சியில இருந்து வந்தது, எலுமிச்சம்பழ மஞ்சள்ல மைக் கோடு போட்டுக்கிட்டு ஒண்ணு. அப்புறம் ஒருத்தர் வந்தார், செக்கச்செவேல்னு. உடம்பு பெருசு, வீடு சின்னது. தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாமா மாதிரி, உள்ளயும் போக முடியல, கழட்டவும் முடியல, நெளிஞ்சுக்கிட்டே போறார்.

"அடேயப்பா! நம்ம மலையில இத்தனை பேரா?"ன்னா பாவாயி. ரெண்டு மழைக்காலமா அவ ஒரே ஒரு நத்தையைத்தான் பார்த்திருக்கா. மத்ததை எல்லாம் தாண்டித் தாண்டிப் போயிருக்கா.

அப்புறம் "சுருளீ! சுருளீ!"ன்னு கூப்பிட்டா. ஒண்ணும் திரும்பல.

"நத்தைக்கு ஏது தாயி காது?"

"காதே கிடையாதா? அப்போ நான் பாடின தாலாட்டு?"

"நீதான் கேட்டிருப்ப."

அப்போ அவ கண்ணால தேடினா. சுருளி பழுப்பு நிறம், நடுவுல ஒரு வெள்ளைக் கோடு. பழுப்புல வெள்ளைக் கோட்டோட ஒண்ணைப் பார்த்ததும் "என் தங்கமே!"ன்னு உள்ளங்கையில எடுத்தா. அது என்ன செஞ்சுது தெரியுமா? உள்ள போய், வட்டமா ஒரு கதவை இழுத்து "டக்"னு சாத்திக்கிச்சு.

பாவாயி திகைச்சுட்டா. சுருளிக்கு ஏது கதவு? அவன் கோடையில கஞ்சி ஆடை மாதிரி மெல்லிசா ஒண்ணை வாசல்ல இழுத்து ஒட்டிக்கிட்டுத் தூங்குவான், அவ்வளவுதான். அப்புறம் கதவுக்காரர் மெதுவா எட்டிப் பார்த்தார். கண்ணு கொம்போட அடியில இருக்கு. சுருளிக்குக் கண்ணு கொம்போட நுனியில!

"ஒண்ணு போச்சு"ன்னார் சென்னியப்பன்.

"போனா போகுது. அண்ணே, கதவு வச்சவங்களை எல்லாம் இந்தப் பக்கம் எடுத்து வைங்க."

கதவு வச்ச நத்தை இருக்கே கண்ணு, அதோட பூட்டனுக்குப் பூட்டன் தண்ணிக்குள்ள இருந்து தனியாக் கரையேறி வந்தவன். மத்தவங்க பக்கத்துலயே ஊர்ந்தாலும் அது வேற வம்சம். கோடும் நிறமும் ஒண்ணா இருக்கலாம், சொந்தம் கிடையாது. சென்னியப்பன் முணுமுணுத்துக்கிட்டே எடுத்து வச்சார். டக், டக், டக்னு ஒவ்வொண்ணும் அவர் கையில கதவைச் சாத்துச்சு. "அடடா, என்ன கோவம்! நான் என்ன கடனா கேட்டேன்?"ன்னு அவரே சிரிச்சுட்டார்.

— அப்புறம்?

அப்புறம் மிச்சத்துல தேடினா. கதவு இல்ல, கண்ணு நுனியில, பழுப்பு, வெள்ளைக் கோடு. எல்லாம் சரி. "இவன்தான்!"னு எடுத்துக் கல் மேல விட்டா. அவன் வழவழவழன்னு நடந்து போனான். பாவாயி பின்னால இருந்து பார்த்தா. வால் மொட்டையா முடிஞ்சுது.

"இவன் இல்லண்ணே. என் பிள்ளைக்கு வால் நுனியில துளியூண்டு கொம்பு இருக்கும். முள்ளு மாதிரி."

"முன்னால கொம்பு, பின்னாலயும் கொம்பா?"

"பின்னாலதான் அழகே."

"ரெண்டு போச்சு"ன்னார் சென்னியப்பன். ஆனா இந்தத் தடவை அவர் குரல் இறங்கிப் போச்சு. அவ சொல்றதுக்கு முன்னால அவரே குனிஞ்சு, வால்ல கொம்பு உள்ளவங்களை ஒரு பக்கம், இல்லாதவங்களை ஒரு பக்கம்னு வைக்க ஆரம்பிச்சுட்டார்.

பொழுது இறங்குது. இனி ஒரே தடவைதான். வால்ல கொம்பு வச்சவங்களே ஒரு முறம் நிறைய இருக்காங்க. பாவாயி கண்ணை மூடி யோசிச்சா. அப்போ தோணுச்சு.

"அண்ணே, உச்சியை மேல வச்சு, வாசல் என்னைப் பார்க்கற மாதிரிப் பிடிச்சா, என் பிள்ளைக்கு வாசல் இடப்பக்கம்."

ஒண்ணொண்ணாப் பிடிச்சுப் பார்த்தா. வலது, வலது, வலது. முறமே காலியாகப் போகுது, எல்லாம் வலது. அப்புறம் ஒண்ணு இடது! இன்னொண்ணும் இடது! கடைசியில ஒரு கைப்பிடி தேறுச்சு.

சென்னியப்பன் ஒண்ணை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போச்சு. "தாயி, இடதுன்னு சொன்ன. இது வலதுல்ல? தோத்துட்டியே!"

"எப்படிண்ணே?"

அவர் கோயில்ல சங்கு பார்த்துப் பழகினவர். சங்கைப் பார்க்கறவங்க உச்சியைக் கீழே வச்சுத்தான் பார்ப்பாங்க. தலைகீழாப் பிடிச்சா இடது வலதாயிடும் இல்லையா? இவர் தப்புன்னு சொல்லிட்டா சுருளி சூளைக்குள்ள.

அவ சண்டை போடல. முறத்துல இருந்து வேற ஒண்ணை எடுத்து நீட்டினா. "இதையும் உங்க மாதிரியே பிடிச்சுப் பாருங்கண்ணே."

"இது... இடது."

"அடுத்தது?"

"இடது. இதுவும் இடது." கைப்பிடி நத்தையை மறுபடி பார்த்தார். "இவங்க மட்டும் வலது." அப்புறம் தொடையில தட்டிச் சிரிச்சார். "எப்படிப் பிடிச்சாலும் இவங்க எதிர்க்கட்சிதான்!"

— அதுல சுருளி எது?

அதான் கண்ணு அவளுக்கும் தெரியல. எல்லாம் ஒரே நிறம், ஒரே கோடு, வால்ல ஒரே கொம்பு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. தன் பிள்ளைக்கு இத்தனை சொந்தம் இருக்குன்னு அவளுக்கு அன்னைக்குத்தான் தெரியும். பெத்தவ கண்ணுக்கே பிரிக்க முடியல. "எடு தாயி, நேரமாச்சு"ன்னார் அவர்.

"நான் எடுக்கலண்ணே. அவன் எடுக்கட்டும்."

காது கேட்காது, கண்ணும் மங்கல். ஆனா மணம் தெரியும். பாவாயி கையை நனைச்சு, தரையில மல்லாத்தி வச்சுட்டு, அசையாம உட்கார்ந்தா. எதிர்க்கட்சி எல்லாம் ஆளுக்கொரு திசையில ஊர்ந்துச்சு. ஒண்ணு மட்டும் நின்னுச்சு. கொம்பை நீட்டுச்சு, சுருக்குச்சு, நீட்டுச்சு. மெதுவா, மெ...து...வா வந்து, அவ சுண்டுவிரல்ல ஏறி, உள்ளங்கைக்கு வந்து, வாலை மடக்கிப் படுத்துக்கிச்சு.

பாவாயி இன்னொரு கையை அவன் மேல குடை மாதிரிக் கவிச்சா.

— மத்தவங்க?

அவங்களைத்தான் சென்னியப்பனும் பார்த்துக்கிட்டு நின்னார். சாக்கைக் கொட்டினப்போ அங்க இருந்தது ஒரு குவியல். இப்போ குவியலைக் காணோம். கதவுக்காரங்க ஒரு பக்கம், கோபுரத்துக்காரங்க ஒரு பக்கம், கடுகுக் கூட்டம் ஒரு பக்கம், சின்னச் சட்டை மாமா தனியா. அவர் கையில சூளைக்குள்ள வாரித் தள்ளற தள்ளுகட்டை இருக்கு, கை எழும்ப மாட்டேங்குது.

"தாயி, யாரைன்னு தள்ளறது?"

"உயிர் எதுக்குண்ணே? மலையில சருகுக்கு அடியில காலி ஓடு கொள்ளையாக் கிடக்கு. நான் வாரிக் கொண்டாந்து போடறேன். சுட்டா அதுவும் வெள்ளைதான்."

"இதை வந்ததுமே சொல்லியிருக்கலாமே!"

"வந்ததுமே சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவர் தள்ளுகட்டையைச் சுவத்துல சாத்தி வச்சார். அப்போ பார்த்து மழை பிடிச்சுது. சடசடசட. மைக் கோடு போட்டவங்க மரத்துல ஏறினாங்க. கதவுக்காரங்க பாறை இடுக்குக்குப் போனாங்க. கடுகுக் கூட்டம் சருகுக்குள்ள மறைஞ்சுது. மாமா எல்லாருக்கும் கடைசியா, ஈரப் பாசி மேல செக்கச்செவேல்னு போனார். அவர் மறையற வரைக்கும் ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே பார்த்தாங்க.

அப்புறம் காலி ஓட்டுலயே சுண்ணாம்பு வெந்துச்சு. மாளிகை கண்ணு கூசற மாதிரி வெளுத்துச்சு. ராஜாவுக்கு ஆசை அடங்குமா? கணக்குப்பிள்ளையைக் குதிரை மேல அனுப்பினான். அவர் டக்டக்னு வந்து, குதிரையை விட்டு இறங்காமயே, "சென்னியப்பா! மதில் சுவருக்கும் வேணும். நத்தையை எல்லாம் பிடிச்சுச் சூளையில போடு"ன்னார்.

சென்னியப்பன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிதானமாக் கேட்டார். "எந்த நத்தையைச் சாமி சொல்றீங்க? கதவு வச்சவங்களையா, வால்ல கொம்பு வச்சவங்களையா, மயிர் முளைச்சவங்களையா, எதிர்க்கட்சியையா? பேரைச் சொல்லிக் கேளுங்க. வெறும் நத்தைன்னு இங்க யாரும் இல்லீங்க."

கணக்குப்பிள்ளைக்கு ஒரு பேரும் தெரியல. குதிரையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

— ...ம்.

மழை விட்டாச்சு, நத்தை ஓட்டுக்குள்ள சுருண்டாச்சு. நீயும் போர்வைக்குள்ள சுருண்டுக்கோ. சொன்ன வாய் ஓய்ஞ்சாச்சு, கேட்ட கண்ணும் மூடியாச்சு. தூங்கு.