காய்ச்சல் நாட்களின் டீ

சிஷ்யருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவுக்கு அதில் பாதிதான் இருக்கும். மோட்டார் காயில் சுற்றும் பிரிவிலிருந்து கெர்னல் எழுதும் பிரிவுக்கு மாறி வந்த சென்னியப்பனுக்கு இதில் வெட்கமெல்லாம் இல்லை. கற்றுக்கொடுப்பவர் குரு, அவ்வளவுதான். பர்வீன்தான் அந்த வார்த்தையைக் கேட்டால் நெளிவாள்.

கோவையில் அவர்கள் செய்துகொண்டிருந்தது நரம்பில் மருந்து ஏற்றும் கருவி. உள்ளே இருப்பது ஒரே சிப். அதற்குள் மென்பொருளாலேயே ஆன இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் குடியிருந்தன. ஒன்று மருந்துப் பம்பை ஓட்டும், மற்றது அபாய மணியைக் கவனிக்கும். சிப் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று இரண்டுமே நம்பிக்கொண்டிருந்தன, பாவம். யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது அடியில் ஓடும் கெர்னல் என்ற மென்பொருள். டைமர் தட்டும்போதெல்லாம் அந்தத் தட்டலைப் பம்பிடம் சேர்ப்பதும் அதன் வேலைதான். ஒரு தட்டலுக்கு ஒரு சொட்டு. அந்தப் பகுதியை எழுதியவர் சென்னியப்பன்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது சோதித்துப் பார்த்தார்கள். அபாய மணிக்கு முறை கொடுப்பதற்காகப் பம்பை நிறுத்தி, மறுபடி எழுப்பியதும், அது மருந்தை மடமடவென்று கொட்டித் தீர்த்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் இருந்தது நோயாளி இல்லை, வெறும் பை. மாலையில் டாக்டர்கள் பார்க்க வருவார்கள், அதற்குள் சரியாகாவிட்டால் பழைய பிரிவுக்கே போய்விடுங்கள் என்று, அவர் திரும்பி வந்த காலையில் மேலாளர் சொல்லிவிட்டார்.

பர்வீன் அவர் எழுதியதைப் படித்தாள். பம்பு நின்றிருந்த நேரத்துத் தட்டல்களையெல்லாம் கெர்னல் சேர்த்துவைத்து, எழுந்ததும் ஒரே மூச்சில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டாள்.

“அதுக்கு வர வேண்டியதுங்க. நாம நிறுத்திவெச்சுட்டு, கொடுக்காமயும் விட்டா நியாயமுங்களா?”

அவள் கேன்டீனுக்குப் போனாள். திரும்பி வந்து அவர் மேஜையில் டீ டம்ளர்களை வரிசையாக வைத்தாள். கீபோர்டு வைக்கக்கூட இடமில்லை.

“என்னங்க இது?”

“காய்ச்சல்ல இருந்தப்ப நீங்க குடிக்காத டீ, அண்ணா. உங்களுக்கு வர வேண்டியதுதானே, குடிங்க.”

சென்னியப்பன் சிரித்தார். ஒரு டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

“போன நாள் போச்சுங்க. இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியும், இப்பத்த டீ ஒண்ணு கிடைச்சாச்சு. வேறென்ன...”

சொல்லவந்ததை முடிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மிச்ச டீயை அறையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியவே இல்லை.

பகல் முழுக்கத் திருத்தினார். பம்பு எழுந்ததும் கெர்னல் முதலில் அதற்கு இப்போதைய நேரத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு தட்டல். அடுத்தது அதற்குரிய வேளையில்.

மாலையில் டாக்டர்கள் சூழ்ந்து நிற்க, அபாய மணி அடித்தது. பம்பு நின்றது. மறுபடி எழுந்து ஒரு சொட்டு விட்டது. பிறகு, நிதானமாக, இன்னொன்று. அடுத்த கருவியையும் இவரே பார்க்கட்டும் என்றார் மேலாளர்.

பர்வீன் கிளம்பும்போது சென்னியப்பன் வாசலில் காத்திருந்தார்.

“வந்த நாள்லருந்து எத்தனையோ சொல்லிக்கொடுத்தீங்க. ஒரு நாளும் நான் நன்றின்னு சொன்னதில்லைங்க. அத்தனையும் இன்னைக்குச் சேத்துச் சொல்லிப்போடோணும்னு...”

“அத்தனையும் வேண்டாம் அண்ணா,” என்றாள் பர்வீன். “இன்னைக்கு உள்ளது ஒண்ணு போதும்.”