சாணி வண்டு பதித்த தடம்

ஒரு காட்டில் எந்தக் குற்றம் நடந்தாலும் குளக்கரையில்தான் விசாரணை. சாட்சி சொல்ல வருகிறவர் முதலில் அங்கிருக்கும் ஈரக் களிமண்ணில் தன் காலை அழுத்திப் பதிக்க வேண்டும். "இது என் தடம், நான் சொல்வது உண்மை" என்று சொன்ன பிறகுதான் மற்றதைப் பேசலாம். தடம் பதியவில்லை என்றால் அவர் சாட்சியே இல்லை. அந்தக் காட்டின் வழக்கம் அது.

யாருடைய சாட்சியால் குற்றவாளி பிடிபடுகிறாரோ, அவருடைய தடத்தை மட்டும் அழிக்க மாட்டார்கள். சுற்றிலும் கூழாங்கல் பதித்து வெயிலில் காயவிடுவார்கள். தண்ணீர் குடிக்க வருகிற எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கரையில் அப்படி மூன்று தடங்கள் இருந்தன. ஒன்று புலியுடையது, ஒன்று காட்டெருமையுடையது, இன்னொன்று கரடியுடையது. மூன்றும் பெரிய பெரிய கால்கள்.

அந்தக் காட்டின் காவல் தலைவர் யானையார். நேர்மையானவர், கொஞ்சம் நிதானம். அவருக்குக் கீழே இரண்டு செந்நாய்கள் வேலை பார்த்தன. மோப்பம் பிடிப்பதில் அவை கெட்டி. அதைத் தாங்களே சொல்லிக்கொள்வதில் இன்னும் கெட்டி.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பெண்மயில் ஒன்று கதறிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயா, தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள என் முட்டையைத் திருடிட்டாங்க! ஆறு முட்டையில நாலைக் காணோம். மிச்சம் ரெண்டுதான் இருக்கு. அதுக்கும் திருடன் வருவானே, நான் என்ன பண்ணுவேன்?"

செந்நாய்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. அதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. தடமும் போச்சு, வாசனையும் போச்சு. போன வேகத்திலேயே இரண்டும் திரும்பி வந்தன.

"மழை மேல ஒரு வழக்குப் போடலாமா தலைவரே?" என்றது ஒரு செந்நாய்.

யானையார் சிரிக்கவில்லை.

மறுநாள் நடுப்பகலில் விசாரணை கூடியது. முதல் ஆளாகக் காட்டுப்பன்றி வந்து, களிமண்ணில் தொம்மென்று காலைப் பதித்தது.

"இது என் தடம், நான் சொல்றது உண்மை. இதுல விசாரிக்க என்னங்க இருக்கு? முட்டை காணோம்னா கீரிதான். பாம்பு முட்டையையே விடாதவன் மயில் முட்டையை விடுவானா?"

கூட்டம் தலையை ஆட்டியது. கீரி பதறி எழுந்தது.

"சத்தியமா நான் எடுக்கல. அந்தப் பக்கமே நான் போகல."

"போகலைன்னு உனக்காகச் சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களா?" என்றது பன்றி.

கீரி சுற்றுமுற்றும் பார்த்தது. ஒருவரும் முன்வரவில்லை.

யானையார் பன்றியின் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் போனியா?"

"நானா? நல்லாக் கேட்டீங்க போங்க! கோரைக்கிழங்கைத் தவிர வேற எதையும் நான் பல்லுல வைக்கிறதில்லை. இந்தக் காட்டுல முளைக்கிற கோரை அத்தனையும் எனக்குத்தான். வேற யாரையாவது ஒரு கிழங்கு தொட விட்டிருக்கேனா? கேட்டுப் பாருங்க!"

அது உண்மைதான். ஒரே ஒரு கிழங்கை முகர்ந்து பார்த்த முள்ளம்பன்றி, போன வாரத்திலிருந்து நொண்டிக்கொண்டிருந்தது.

யானையார் பெருமூச்சு விட்டார். "மருத மரத்து நிழல் தண்ணியைத் தொடுற வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள வேற சாட்சி வரலைன்னா, கீரி ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடணும். திரும்பி வரக்கூடாது."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை. அங்கே கீரி ஒரு வளைகூடத் தோண்ட முடியாது. கீரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அப்போதுதான் கரை மேட்டில் சாணி வண்டு ஒன்று வந்தது. தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் ஒரு உருண்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. காட்டில் கிடக்கும் சாணத்தை உருண்டை பிடித்து, உருட்டிப் போய் மண்ணுக்குள் புதைத்து, அதில்தான் அது முட்டையிடும். பிள்ளை பிறந்ததும் அதற்கு அதுதான் சோறு. மூக்கைப் பொத்தாதீர்கள் பிள்ளைகளே! அந்த வண்டு மட்டும் இல்லாவிட்டால் காடு எப்படி நாறும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அன்று காலையிலிருந்தே வண்டுக்கு எரிச்சல். உருண்டை வழவழப்பாக வரவே இல்லை. உள்ளேயிருந்து என்னவோ காலைக் குத்திக்கொண்டே இருந்தது. கரையில் எல்லோரும் முட்டையைப் பற்றியும் பன்றி சொன்ன சாட்சியைப் பற்றியும் பேசுவது காதில் விழுந்ததும் வண்டு அப்படியே நின்றது. தன்னைக் குத்துவது எதுவென்று அதற்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, நான் சாட்சி சொல்லணும்!" என்று கத்தியபடி உருண்டையோடு நடுவே வந்து நின்றது.

"சாட்சி சாணியோட வருது, வழி விடுங்க!" என்று செந்நாய்கள் விழுந்து விழுந்து சிரித்தன. கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

யானையார் குனிந்தார். "சொல்லும்மா. ஆனா முதல்ல தடம் பதிக்கணும். அதுதான் வழக்கம்."

வண்டு ஆறு கால்களையும் ஊன்றி அழுத்தியது. களிமண்ணில் ஒரு கீறல்கூட விழவில்லை. எம்பிக் குதித்துப் பார்த்தது. அப்போதும் ஒன்றும் இல்லை.

"தடம் இல்லைன்னா சாட்சி இல்லை!" என்று பன்றி அவசரப்பட்டது. "நிழலும் தண்ணிகிட்ட வந்தாச்சு. கீரியைக் கிளம்பச் சொல்லுங்க!"

வண்டு தன் உருண்டையிடம் போனது. தலைகீழாக நின்று, உருண்டையைக் களிமண்மேல் தம் பிடித்துத் தள்ளியது. ஒரு முழத் தூரம் உருட்டியது. உருண்டை போன வழியெல்லாம் நேராக, அழுத்தமாக ஒரு கோடு விழுந்தது.

"நான் போற வழியில இப்படித்தான் தடம் விழும் ஐயா. இது என் தடம். நான் சொல்றது உண்மை."

சிரிப்புச் சத்தம் நின்றது. யானையார் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"பதிஞ்சிருக்கு. சொல்லும்மா."

"இன்னிக்குக் காலையில நாவல் மரத்தடியில கிடந்த விட்டையில பிடிச்ச உருண்டை இது. இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

"உடைச்சாத்தானே பார்க்க முடியும்? உடைச்சா உனக்கு உருண்டை போயிடுமே."

வண்டு ஒரு கணம் உருண்டையைக் கட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் அதில்தான் முட்டையிட வேண்டும். பிறகு மயிலைப் பார்த்தது.

"மயிலக்காவுக்கு நாலு பிள்ளை போச்சு. எனக்கு ஒரு உருண்டைதானே? உடைங்க ஐயா."

யானையார் தும்பிக்கை நுனியால் உருண்டையை மெல்லப் பிளந்தார். உள்ளே பொடிப்பொடியாக முட்டை ஓட்டுத் துண்டுகள். மயில் ஓடி வந்து பார்த்தது. "என் முட்டை ஓடுதான்! எனக்குத் தெரியாதா?" என்று அழுதது.

"பார்த்தீங்களா, கீரியோட விட்டை!" என்று பன்றி கூவியது.

"அவசரப்படாதீங்க," என்றது வண்டு. "ஓட்டைச் சுத்தி நார் நாரா ஒட்டியிருக்கே, அது என்னன்னும் பாருங்க ஐயா."

யானையார் ஒரு நாரை எடுத்து முகர்ந்தார். "கோரைக்கிழங்கு நார்."

"இந்தக் காட்டுல கோரைக்கிழங்கு தின்கிறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் முன்னாடி காலைப் பதிச்சு அவரே சொல்லிட்டாரு."

எல்லோருடைய தலையும் பன்றியின் பக்கம் திரும்பியது. பன்றிக்கு முகம் தொங்கிவிட்டது. மறுகணம், "உன்னை நசுக்காம விட மாட்டேன்!" என்று வண்டின்மேல் பாய்ந்தது. கீரி ஒரே தாவாகத் தாவி நடுவில் விழுந்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. யானையார் தன் முன்னங்காலைத் தூக்கி அதற்கும் முன்னால் வைத்தார். பன்றியின் மூக்கு அதில் மோதி வீங்கியதுதான் மிச்சம்.

அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது பன்றிதான்.

யானையார் கீரியிடம் வந்தார். "தப்பு என்னுதுப்பா. மன்னிச்சிடு." பிறகு எல்லோரும் பார்க்க வண்டின்முன் மண்டியிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிக் குனிந்ததை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெரிய காலையே பார்த்துப் பழகிட்டேன். நீ இல்லைன்னா இன்னிக்கு ஒரு நிரபராதியைத் துரத்தியிருப்பேன். உன்னால எங்க காவலுக்கே பெருமை. இந்தத் தடம் இங்கேயே இருக்கட்டும்!"

அந்த ஒரு முழக் கோட்டைச் சுற்றிக் கூழாங்கல் பதித்தார்கள். கல் சுமந்தது யார் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்த அந்த இரண்டு செந்நாய்களும்தான்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. வண்டு கூச்சத்தோடு தலையைச் சொறிந்தது.

"ஐயா, மரியாதையெல்லாம் சந்தோஷம்தான். பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு உருண்டை வேணுமே."

"அதுக்கா கவலை?" என்றார் யானையார். "அதோ மருத மரத்துக்குப் பின்னால நான் போட்ட லத்தி கிடக்கு. நூறு உருண்டை பிடிக்கலாம்!"

காடே மறுபடி சிரித்தது. இந்த முறை வண்டும் சேர்ந்து சிரித்தது.

சில வாரங்கள் கழித்துப் பெண்மயில் தன் இரண்டு குஞ்சுகளோடு தண்ணீர் குடிக்க வந்தது. கரையில் இப்போது நான்கு தடங்கள். ஒரு குஞ்சு அந்தக் கோட்டின்மேல் ஓடப் பார்த்தது.

"மிதிக்காதே கண்ணு, சுத்திப் போ," என்றது தாய். "நீங்க ரெண்டு பேரும் இருக்கிறதே இந்தத் தடத்தாலதான்."

அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்த புலியும் அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

நீதி: உண்மையைச் சொல்லத் துணிந்து முன்வரும் எளியவரும் ஊர்க்காவலரே, அவரை ஊரறியப் பெருமைப்படுத்த வேண்டும்.